வீட்டுப் பள்ளிக்கு வருஷக் கணக்கு

பள்ளிக்கூடங்கள் வருஷப் பரீட்சைகளை முடித்துக் கதவடைக்கும் காலம் சித்திரை மாதம். பிள்ளை தேறினானா, தவறினானா, எந்தப் பாடத்தில் பின்தங்கினான் என்பதை உபாத்தியாயர்கள் காகிதத்தில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காகிதம் பிள்ளையின் அறிவை முற்றும் அளந்துவிட்டதாக நாம் நம்பவில்லை. ஆயினும், கற்பித்தவர் கணக்குக் கொடுத்தார் என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு. தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பங்களும் நமது தேசத்தில் இருக்கின்றன. அவ்வீடுகளில் கணக்குக் கொடுப்பவர் யார்? கேட்பவர் யார்? தகப்பனாரே உபாத்தியாயர், அவரே தலைமை உபாத்தியாயர், பரீட்சகரும் அவரே, இன்ஸ்பெக்டரும் அவரே. இத்தனை உத்தியோகங்களும் ஒருவரிடத்தே குவிந்துவிட்டால் தணிக்கை நழுவிப் போவது இயல்பு. இந்த ஆபத்தையும் அதற்குரிய பரிகாரத்தையும் குறித்து இன்று எழுதப் புகுந்தோம்.

வீட்டுக் கல்வியைப் பழிப்பது நமது நோக்கமன்று. நெட்டுருப் போடும் படிப்பில் மனம் சலித்தவர்கள், மதிப்பெண் ஒன்றையே தெய்வமாகக் கொண்ட பள்ளிகளின் கெடுபிடிக்கு அஞ்சியவர்கள், தாய்பாஷையிலேயே பிள்ளைக்கு அறிவு புகட்ட விரும்புகிறவர்கள், உடற்குறையோ மனக்கூச்சமோ உள்ள பிள்ளையை ஏளனத்திலிருந்து காக்க வேண்டியவர்கள் எனப் பலர் இத்துறையில் இறங்குகின்றனர். இவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை உண்மையே. ஆனால் பள்ளிக்கூடத்தின் குறையை எடுத்துச் சொல்லிவிட்டதனாலேயே வீட்டின் நிறை நிரூபணமாகிவிடாது. பிரதிவாதியின் சாட்சி தடுமாறிவிட்டால் வாதியின் வழக்கு தானே ஜெயித்துவிடும் என்று எந்தக் கோர்ட்டும் கொள்வதில்லை. வாதி தன் கட்சியைத் தானே நிலைநாட்ட வேண்டும்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2002-ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட 86-வது திருத்தத்தால் நமது அரசியல் சாசனத்தில் 21-ஏ என்னும் ஷரத்து சேர்ந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பது சர்க்காரின் கடமை என்று அது விதித்தது. அதே திருத்தம் 51-ஏ ஷரத்தில் பெற்றோருக்கும் ஒரு கடமையைச் சேர்த்தது. குழந்தைக்குக் கல்வி கற்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே அது. பின்னர் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவோ, குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறுகிறது. அப்பிரிவை மீறினால் இன்ன தண்டனை என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லும் அதில் எங்கும் இல்லை. அனுமதித்ததாகவும் சொல்ல முடியாது. தண்டனைக்குரிய குற்றமாக்கியதாகவும் சொல்ல முடியாது.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் ஒருமித்த வழியில் செல்லவில்லை. இங்கிலாந்தின் 1944-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம், பெற்றோர் தம் குழந்தையைப் பள்ளி மூலமாகவோ வேறு வகையாகவோ கற்பிக்கலாம் என்று இடங்கொடுத்தது. 1996-ஆம் வருஷத்துச் சட்டமும் அதையே வழிமொழிந்தது. ஜெர்மனியில் பள்ளிக்கு வருவதே கட்டாயம். பிரான்ஸ் தேசத்தில் முன்பு பெற்றோர் தெரிவித்துக்கொண்டாலே போதும் என்றிருந்தது. 2021-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின் சர்க்காரின் அனுமதி வேண்டியதாயிற்று. நமது நாட்டிலோ சட்டம் மௌனமாக நிற்கிறது. அதிகாரி வந்து கேட்காத இடத்தில் மனச்சாட்சியே அதிகாரியாக வேண்டும். ஆதலின் பெற்றோரின் பொறுப்பு இங்கு இரட்டிப்பாகிறது.

இப்பொறுப்பை ஏற்றவர்களுள் தலைசிறந்தவர் மகாத்மா காந்தி. அவர் 1897 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது சகோதரியின் மகனும் தம் புதல்வர் இருவருமாக மூன்று சிறுவர்கள் உடனிருந்தனர். ஐரோப்பியக் குழந்தைகளின் பள்ளியில் அவர்களைச் சேர்க்க முடியும். ஆனால் அது தமக்கு மட்டும் காட்டப்படும் சலுகையாகும், மற்ற இந்தியரின் குழந்தைகளுக்கு அக்கதவு திறவாது என்று கண்டு மறுத்துவிட்டார். மாதம் ஏழு பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில மாதை அமர்த்தினார். தாம் குழந்தைகளிடம் குஜராத்தியிலேயே பேசினார். சிறு வயது முதலே ஆங்கிலம் பழக்க வேண்டும் என்று நண்பர் போலக் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. இவையெல்லாம் ஒரு தேசபக்தனின் உறுதிக்கு உரிய செயல்கள். இவற்றை நாம் வணங்குகிறோம்.

ஆனால் காந்தியடிகளே தம் சத்திய சோதனையில் எழுதி வைத்த கணக்கையும் நாம் மறைக்கலாகாது. ஜோஹானஸ்பர்க்கில் வீட்டிலிருந்து காரியாலயத்துக்குப் போய்வர ஏறக்குறைய ஐந்து மைல். புதல்வரை உடன் அழைத்துச் சென்று நடந்துகொண்டே பாடம் சொல்வார். வழியில் வேறு யாரேனும் வந்து பேச்சுக் கொடுத்துவிட்டால் அன்றைய பாடம் நின்று போகும். நாள்தோறும் தவறாமல் ஒரு மணி நேரமாவது அவர்களுடைய ஏட்டுக் கல்விக்கு ஒதுக்கியிருந்தால் அது லட்சியக் கல்வியாகவே அமைந்திருக்கும், ஒதுக்க முடியவில்லையே என்ற வருத்தம் தமக்கும் உண்டு, புதல்வருக்கும் உண்டு என்று அவர் ஒளிவின்றி எழுதினார். அதே சமயம், சுதந்திர உணர்ச்சியையும் எளிமையையும் தொண்டையும் அவர்கள் கற்றது வீண்போகவில்லை என்பதும் அவருடைய துணிபு.

மூத்த புதல்வர் ஹரிலால் இதை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் பன்முறை சிறை சென்ற வீரர் அவர். படிப்பு வேண்டும் என்ற தாகம் தணியாமல் 1911-இல் தந்தையைப் பிரிந்து ஆமதாபாத்துக்கு வந்து, தம்மினும் வயதிற் குறைந்த பிள்ளைகளோடு பள்ளியில் அமர்ந்தார். அவருடைய பிற்கால வாழ்வின் துயரம் முழுவதற்கும் படிப்பின்மையே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. மணிலால் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையை 1920 முதல் 1956-இல் தாம் இறக்கும்வரை நடத்தினார். தேவதாஸ் ஹிந்துஸ்தான் டைம்ஸின் ஆசிரியரானார்; ராஜாஜியின் குமாரி லக்ஷ்மியை 1933-இல் மணந்து நம் தமிழகத்துக்கு மருமகனும் ஆனார். ஒரே வீட்டில், ஒரே தந்தையிடம், ஒருவர் குறைபட்டு வெளியேறினார். மற்றவர் தேறி நிலைபெற்றனர். வீட்டுக் கல்வி எல்லாப் பிள்ளைக்கும் ஒருபோல் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ?

இங்கு நாம் குறிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்தத் தந்தைக்கு அறிவு குறைவில்லை, அன்பு குறைவில்லை, கொள்கை குறைவில்லை. கிட்டாமற் போனது தவறாத ஒரு மணி நேரமே. உலகம் போற்றும் ஒருவருக்கே அது கிட்டவில்லையெனில், காரியாலயத்திலிருந்து இரவு எட்டு மணிக்குக் களைத்து வீடு திரும்பும் நாமெல்லாம் எம்மாத்திரம்? கோர்ட்டு வழக்குகளில் வாய்தா வாங்குவது நமது தொழிலின் வழக்கம். பிள்ளையின் பாடத்துக்கு வாய்தா கிடையாது. இன்று ஒத்திவைத்தது நாளைய கட்டிலும் ஏறாது. பிள்ளைக்கு ஒரு வயது ஏறிவிடும்.

பிள்ளைகளின் தொகை பெருகியபோது காந்தியடிகள் என்ன செய்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1910-இல் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. சத்தியாக்கிரகிகளின் குழந்தைகள் பலரும் ஒன்றாகக் கற்றனர். செருப்புத் தைக்கவும் தோட்டம் பயிரிடவும் பழகினர். அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்களுக்கு நமது எழுத்தைக் கற்பித்தவர் காந்தியடிகளே. கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் புஸ்தகத்தைக் கொண்டு தாம் கற்ற அரைகுறைத் தமிழை வைத்து எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் சொல்லிக் கொடுத்தார். பேச்சில் அச்சிறுவர்கள் அவரை மிஞ்சினர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வரும்போது துபாஷிகளாக நின்றவர்களும் அவர்களே. தம் அறியாமையை மாணாக்கரிடம் மறைக்காததனால் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைத் தேடுவதே பெற்றோர்க்கு அழகு.

அப்படித் தேடிய ஒரு தகப்பனார் நமது தமிழ்நாட்டிலேயே இருந்தார். மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கட சுப்பையர் சங்கீதத்தாலும் இராமாயணப் பிரசங்கத்தாலும் ஜீவனம் நடத்தியவர். பொருள் வளம் இல்லாதவர். மகனுக்குத் தமிழில் ஆசை என்று கண்டதும் அரியலூர், குன்னம், காருகுடி, செங்கணம் என்று தமிழ் கற்பிக்கக்கூடியவர் இருக்கும் ஊர்தோறும் குடும்பத்தையே அழைத்துக்கொண்டு போனார். ஓர் ஆசிரியரிடம் கற்க வேண்டியது தீர்ந்ததும் அடுத்தவர் யார் என்று விசாரித்தார். இறுதியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-இல் மாயூரத்தில் மகனை ஒப்படைத்தார். தாம் வல்ல சங்கீதத்திலேயே மகனைத் தேர்ச்சி பெறச் செய்ய வேண்டும் என்ற ஆவல் அவருக்கு இல்லாமலில்லை. மகனுடைய நாட்டத்துக்குத் தம் ஆவலை விட்டுக்கொடுத்தார். சங்க நூல்களை அச்சேற்றித் தந்த தமிழ்த் தாத்தா நமக்குக் கிடைத்தார். இன்ன வருஷத்தில் இன்ன நிலை, இனி இன்னது வேண்டும் என்று வேளைதோறும் எடைபோட்ட அத்தந்தையின் விழிப்பையே நாம் கணக்குப் பார்த்தல் என்கிறோம்.

இனி, வருஷ முடிவில் கணக்குப் பார்க்கும் குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எவை?

முதற் கேள்வி நாளும் நேரமும் பற்றியது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாளும் 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் 1,000 மணி நேரமும் பள்ளி நடக்க வேண்டும் என்று விதிக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒரு பிள்ளைக்கு ஓர் உபாத்தியாயர் என்ற வீட்டில் நேரம் குறைந்தாலும் பாதகமில்லை, நாள்கள் குறையலாகாது. நாட்குறிப்பை எடுத்து எண்ணிப் பாருங்கள். குறிப்பே இல்லையென்றால் அதுவே விடை.

இரண்டாவது, எழுத்தும் எண்ணும். பத்து வயதுப் பிள்ளை தமிழ்ப் பத்திரிகை ஒன்றைப் பிறர் துணையின்றி வாசித்துப் பொருள் சொல்கிறானா? பிழை மலியாமல் ஒரு கடிதம் எழுதுகிறானா? கடைக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் போடுகிறானா? இவை அமைந்தால்தான் மேலே கட்டடம் எழும்பும். மூன்றாவது, கைத்தொழில். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு தாய்பாஷையையும் கைத்தொழிலையும் ஆதாரக் கல்வியின் இரு கண்களாகக் கொண்டது. பள்ளியில் இடமில்லாத இப்பயிற்சிக்கு வீட்டில் இடமிருந்தும் பிள்ளையின் கை சும்மா இருக்குமாயின் வீட்டுக் கல்வியின் பெரும் லாபம் ஒன்று கைநழுவியது என்க.

நான்காவது, தோழமை. நமது தேசத்தில் பள்ளிக்கூடம் என்பது வெறும் படிப்புச் சாலையன்று; பல ஜாதிப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பானையில் தண்ணீர் குடிக்கப் போராடிப் பெற்ற இடம். வ.வே.சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தின் கதையை நேயர்கள் அறிவார்கள். காங்கிரஸின் பொருளுதவி இருந்தது. தேசியக் கல்வி என்ற உயர்ந்த லட்சியம் இருந்தது. பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவிட்டதனால் எழுந்த பூசல் தமிழ்நாட்டையே கலக்கி அந்நிலையத்தின் அடித்தளத்தைத் தகர்த்துவிட்டது. வீட்டுக் கல்வியில் பந்தி பிரிக்கும் பிரச்னையே எழாது. ஏனெனில் வேற்றுப் பிள்ளையே அங்கு இல்லை. அதனால்தான் இங்கு விழிப்பு அதிகம் வேண்டும். உங்கள் பிள்ளையின் நண்பர்களுடைய பெயர்களை எழுதிப் பாருங்கள். எல்லோரும் ஒரே ஜாதி, ஒரே வருமானம், ஒரே தெரு என்றிருந்தால் அடுத்த வருஷத் திட்டத்தில் விளையாட்டு மைதானமும் பொது நூலகமும் முதலிடம் பெறட்டும்.

ஐந்தாவது, பிள்ளையின் வாக்குமூலம். தகப்பனாரும் தாயாரும் பேசி முடித்தபின் பிள்ளையைத் தனியே விசாரியுங்கள். உனக்கு எது பிடித்தது, எது குறைந்தது, பள்ளிக்குப் போக ஆசையா என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அதைத் தோல்வி எனக் கருதிக் கோபிக்க வேண்டாம். அவ்விடையைப் பன்னிரண்டு வயதில் கேட்பது நலம். ஹரிலாலைப் போல் வாலிபம் வந்தபின் கடிதத்தில் படிக்க நேர்வது பெருந்துயரம்.

வரும் வருஷத் திட்டத்தை வகுக்கையில் சில ஏற்பாடுகள் அவசியம். தகப்பனார் தாம் ஏற்கும் மணி நேரத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நமது நாட்டில் கொள்கையை முடிவு செய்பவர் தகப்பனார்; நாள் முழுதும் உழைப்பவர் தாயார் என்ற நிலையைப் பல இடங்களில் காண்கிறோம். அடுப்படிக்கும் பாடத்துக்கும் ஒருத்தியையே கட்டிப்போட்டுவிட்டு, மேடையில் கல்விச் சீர்திருத்தம் பேசுவது ஆண்மையாகாது. ஒரு பாடமாவது குடும்பத்துக்கு வெளியிலுள்ளவரிடம் நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறவினரல்லாத ஓர் உபாத்தியாயர் பிள்ளையைப் பரீட்சித்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

திரும்பிப் போகும் பாதையையும் திட்டத்தில் குறித்து வைக்க வேண்டும். பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்றும், பின்தங்கிய பாடங்களுக்கு விசேஷப் பயிற்சி பெறும் உரிமை உண்டு என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு கூறுகிறது. பள்ளிக்குத் திரும்பாதவர்களுக்கும் பரீட்சை வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித் தேர்வராக எழுதலாம். 1989-இல் மத்திய சர்க்கார் நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதினான்கு வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சைக்குப் பதிவு செய்து, ஐந்து பாடங்களை ஐந்து வருஷ காலத்துக்குள் சிறிது சிறிதாக முடிக்கலாம். எந்த வழி என்பதைப் பதின்மூன்றாம் வயதிலேயே பிள்ளையோடு கலந்து முடிவு செய்வது நலம்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. வீட்டுக் கல்வி என்ற நல்ல பெயர் தீய காரியத்துக்குத் திரையாகிவிடக் கூடாது. பெரியவளான பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் அடைப்பவனும் இப்பெயரைச் சொல்லக்கூடும். சிறுவனைக் கடையிலும் தறியிலும் உட்கார்த்தி வைப்பவனும் சொல்லக்கூடும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என்று விலக்கு அளிக்கிறது. பள்ளிக்கே போகாத குழந்தைக்குப் பள்ளி நேரம் எது, விடுமுறை எது? சட்டம் மௌனம் சாதிக்கும்வரை இந்தப் பிளவு வழியாக எத்தனை ஏழைக் குழந்தைகளின் எதிர்காலம் நழுவும் என்பதை நமது தேசத் தொண்டர்கள் சிந்திக்க வேண்டும். வீட்டுக் கல்வியைச் சர்க்கார் வெளிப்படையாக அங்கீகரித்து, வருஷத்துக்கு ஒருமுறை குழந்தையைக் கண்டு விசாரிக்கும் எளிய முறை ஒன்றை ஏற்படுத்துவதே நேர்மையான வழி என்பது நமது அபிப்பிராயம். யோக்கியமான பெற்றோர் அதற்கு அஞ்ச மாட்டார்கள்.

அதுவரை கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. ஆங்கிலேயன் ஆண்ட காலத்தில் அவனுடைய கல்வி குமாஸ்தாக்களைச் செய்கிறது என்று குறைகூறினோம். நமது கல்வி மனிதரைச் செய்யும் என்று வாக்களித்தோம். அந்த வாக்கைத் தன் வீட்டுக் கூடத்திலே நிறைவேற்ற முன்வந்த தந்தையர் பாராட்டுக்குரியவர்கள். அவர்கள் ஜூன் மாதம் பிறக்குமுன் ஓர் இரவு உட்கார்ந்து, நாட்குறிப்பைத் திறந்து, வந்ததையும் வராததையும் நேராக எழுதட்டும். பிள்ளை வளர்ந்து ஒருநாள் அந்த ஏட்டைக் கேட்பான். அவன் கையில் கூசாமல் கொடுக்கத்தக்க ஏடாக அது இருக்கட்டும்.